பின்தெருவைப் பார்க்காத கேமரா

செட்டிநாட்டில் குற்றப்பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குப் பூட்டிய வீடுதான் பெரிய கவலை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்ளே தேக்குக் கதவு, வெள்ளிச் சாமான், பித்தளை அண்டா. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கோ வந்து திறக்கும்போதுதான் திருட்டே தெரியவரும். அதற்குள் கேமராப் படங்களைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியில் இடம் நிரம்பி, பழைய பதிவின் மேல் புதியது ஏறியிருக்கும். பெரும்பாலும் சில வாரங்கள்தான் கணக்கு. எங்களுக்கு எதிரி திருடன் மட்டுமில்லை, இந்தத் தாமதமும்தான்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பாத்திரங்கள் போயின. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் வாராவாரம் திறந்து கூட்டிப் பெருக்குகிறவர் என்பதால் உடனே தெரிந்தது. "நாலு கேமரா இருக்கே சார்" என்றார். நாலும் முகப்பைத்தான் பார்த்தன. வந்தவர்களோ பின்வாசல் வழியாக வந்திருந்தார்கள்.

கைகொடுத்தது பின்தெரு மளிகைக்கடை கேமரா. நள்ளிரவில் ஒரு குட்டியானை வண்டி போகிறது. வண்டியின் முகப்பு விளக்குக் கூச்சத்தில் நம்பர் தெரியவில்லை. கடை டிவிஆரின் மணி வேறு முன்னால் ஓடியது. அதை எங்கள் செல்போன் மணியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதிக்கொண்டோம். அப்புறம் அந்தச் சாலையில் கேமரா இருந்த கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில், நல்ல வெளிச்சத்தில், அதே வண்டி. கிழிந்த தார்ப்பாயை வைத்து அடையாளம் கண்டவர் எங்கள் ஏட்டையா. நம்பரும் தெளிவாக இருந்தது.

படம் கிடைத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது பதிவு பின்னால் மாற்றப்பட்டதா என்று காட்டிக்கொடுக்கும் குறியீட்டையும், அதில் குறிக்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் "கோர்ட்டுக்கு அலையணுமா?" என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. பொறுமையாக உட்கார்ந்து விளக்கியபிறகு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அவரைப் போன்றவர்கள் இல்லாமல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குப் பிறகு, ஊருக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்கிறேன்: ஒரு கேமராவைப் பின்தெருப் பக்கம் திருப்புங்கள், ஆனால் அடுத்த வீட்டு முற்றம் அதில் தெரிய வேண்டாம். டிவிஆர் மணியைச் சரிபாருங்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ரோந்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம். போன மாதம் ஓர் ஆச்சி, மகன் போனில் பின்வாசல் தெரிகிறதா என்று என்னையே வாசலில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சென்னைக்குக் காரில் ஏறினார்கள்.