ஒரே ஒரு கட்டையை அழுத்தினேன்

வியன்னாவில் அன்று கடைசி நாள். மழை பிடித்துக்கொண்டது, கையில் குடை இல்லை. ஹோஃப்பர்க் அரண்மனையின் நொய்யே புர்க் பகுதியில் பழைய இசைக்கருவிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. சரி, நனையாமல் இருக்கலாம் என்று நுழைந்தேன்.

உள்ளே, வியன்னாவில் பியானோ செய்துவந்த கான்ராட் கிராஃப் 1839-ல் செய்த பியானோ. இசைக்கலைஞர்களான கிளாரா, ராபர்ட் ஷூமான் தம்பதிக்கு அவர் கொடுத்த கல்யாணப் பரிசு. ராபர்ட் இறந்த பிறகு அது கிளாராவிடமிருந்து இசையமைப்பாளர் பிராம்ஸ் கைக்குப் போனது. அவர் 1873-ல் வியன்னாவின் இசை நண்பர்கள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். எல்லாம் சரி, தொடக் கூடாது. மிட்டாய்க் கடை அலமாரியை வெளியிலிருந்து பார்த்த கதைதான்.

அந்த ஏக்கத்தில், மாலை ஒரு சின்ன அறைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினேன். நாற்பது பேர் இருந்திருப்போம். 1820-களில் இதே ஊரில் செய்த ஃபோர்ட்டேபியானோ, அதாவது பியானோவின் பழைய வடிவம். உள்ளே இரும்புச் சட்டமே கிடையாது, முழுக்க மரம். இன்றைய பெரிய பியானோவின் கம்பிகள் சுமார் 20 டன் விசையோடு இழுத்துக்கொண்டு நிற்பவை. மரச் சட்டம் அதைத் தாங்காது. அதனால் இதில் கம்பி மெல்லியது, இழுவிசையும் குறைவு.

முதல் சுரம் கேட்டதும், இவ்வளவுதானா என்றிருந்தது. ஒலி எழுந்த வேகத்திலேயே அடங்கியது. இரண்டு மூன்று நிமிடம் போனதும் காது தானாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. நம் வீட்டுப் பக்கத்துப் பியானோக்களில் கீழ்ஸ்தாயியில் நாலு சுரத்தைச் சேர்த்து அடித்தால் கூழாகிவிடும். இங்கே நாலும் தனித்தனியாகப் பேசின. கீழே கொஞ்சம் கரகரப்பு, நடுவே பாடுகிற குரல், மேலே உலர்ந்த மரத்தைத் தட்டுவது மாதிரி. ஒரே பெட்டிக்குள் மூன்று ஆட்கள்!

ஷூபர்ட் 1827-ல் எழுதிய ஜி ஃபிளாட் இம்ப்ராம்ப்டு என்ற சிறிய பியானோ உருப்படியில் கலைஞர் ஒரு மிதியை அழுத்தினார். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு துணிப்பட்டை நகர்ந்து வந்தது. அடுத்த அறையில் யாரோ வாசிப்பதுபோல ஒலி தள்ளிப் போனது. இதற்காகவே அந்தக் காலத்தில் வியன்னாவில் பிறந்திருக்கலாம்.

நடுவே ஒரு கம்பி சுருதி இறங்கிவிட்டது. கச்சேரி நடுவில் மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டுவாரே, அப்படி ஒருவர் சுருதிச் சாவியோடு எழுந்து வந்து சரிசெய்தார். யாரும் முணுமுணுக்கவில்லை.

அப்புறம் அவரே, ஆர்வமாக நின்ற நாலைந்து பேருக்காகக் கட்டைகளையும் சுத்தியல்களையும் சேர்த்து இழுப்பறை மாதிரி வெளியே எடுத்தார். சுத்தியல் தனிச் சட்டத்தில் இல்லை, ஒவ்வொரு கட்டையின் வால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, தலை வாசிப்பவரைப் பார்த்தபடி. விரல் இறங்கினால் வால் எழும். சுத்தியலின் பின்பக்கத்து மூக்கு ஒரு சின்ன மரக் கொக்கியில் மாட்டும். மறுமுனையில் தலை மேலே துள்ளும். துள்ளிய கணமே கொக்கி விட்டுவிடும். தலை என் சுண்டுவிரல் நுனி அளவு. அதன்மேல் கம்பளிக்குப் பதில் தோல், ஒன்றின்மேல் ஒன்றாக. கம்பி பட்டுப் பட்டு அதில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன.

கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகையைக் காட்டியபோது, ஔக்ஸ்பர்க் நகரத்தில் பியானோ செய்த ஸ்டைன் ஞாபகம் வந்தார். பலகையை வெயிலிலும் மழையிலும் பனியிலும் போட்டு, வெடித்த இடத்தில் ஆப்பு வைத்து ஒட்டுவாராம். 1777-ல் மொஸார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்த ஸ்டைனின் மகள் நானெட் 1794-ல் வியன்னாவுக்கு வந்து தன் பெயரிலேயே பியானோ செய்தவர், பீத்தோவனுக்கு நெருங்கிய தோழி.

எல்லாவற்றையும் உள்ளே தள்ளியபின், ஒரு கட்டை அழுத்திப் பாருங்கள் என்றார். பழக்கதோஷத்தில் ஓங்கி அழுத்தினேன். கம்பி சீறியது. அவர் கையை மெல்ல இறக்கிக் காட்டினார். இரண்டாம் முறை விரலின் கனத்தை மட்டும் வைத்தேன். கட்டை கொஞ்சம்தான் இறங்கியது, அதற்குள் சுரம் வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டையையும் அழுத்தலாமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.