பழுதாகாததையும் எண்ணுங்கள்: சி.ஆர்.இ. தேர்வுக்குப் படித்த அனுபவம்

சி.ஆர்.இ. என்பது, ஒரு பொருள் எவ்வளவு காலம் பழுதாகாமல் ஓடும் என்று கணக்கிடும் நம்பகத்தன்மைப் பொறியாளருக்கான சான்றிதழ்த் தேர்வு. அதில் நான் இரண்டாவது முயற்சியில்தான் தேறினேன். முதல் முறை போனபோதும் எல்லா சூத்திரமும் எனக்குத் தெரியும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்ற தேர்வு அது. மறந்துபோன சூத்திரத்தைக் கூடப் புரட்டி எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் தோற்றேன். ஏன் தோற்றேன் என்று விளங்கிக்கொள்ள ஆறு மாதம் பிடித்தது. பம்பு, மின்னணு பேனல், மென்பொருள் என்று எதில் வேலை பார்ப்பவராக இருந்தாலும், இதற்குப் படிக்க நினைக்கிறவர்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றி. ஏ.எஸ்.க்யூ. என்கிற அமெரிக்கத் தரச் சங்கம் இதை நடத்துகிறது. தேர்வு மையத்தில் கணினியில் எழுத வேண்டும். நான் எழுதியபோது 165 கேள்விகள், 4 மணி 18 நிமிடம். அதில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை அந்தப் பதினைந்து என்று நமக்குத் தெரியாது. 750க்கு 550 எடுத்தால் தேர்ச்சி. துறையில் 8 வருட அனுபவம் கேட்பார்கள். இளநிலைப் பட்டம் இருந்தால் அதில் 4 வருடம் கழியும். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 94 விநாடிதான் வருகிறது. புத்தகம் பார்த்து எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள் இந்த 94ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கோவையில் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் ஒரு நிறுவனத்தில் வாரண்டிப் பிரிவில் இருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தூக்கப்பட்டு வரும் மோட்டார்களைப் பிரித்துப் பார்ப்பது, ஏன் போனது என்று எழுதுவது, அதிலிருந்து அடுத்த வருடம் எத்தனை திரும்பி வரும் என்று முன்கூட்டிச் சொல்வது, இதுதான் வேலை. கம்பிச் சுருள் எரிந்து வந்ததைப் பிரிக்கும்போது கருகிய நெடி கையிலேயே ஒட்டிக்கொள்ளும். தேய்ந்துபோன திரஸ்ட் பேரிங்கின் கார்பனில் மணல் போட்ட கோடுகளை விரலால் தடவினாலே தெரியும். இப்படி வந்தவற்றின் ஓடிய நாட்களை எல்லாம் கூட்டி, வகுத்து, சராசரி ஆயுள் இவ்வளவு என்று ஓர் அறிக்கை தயாரித்தேன். எங்கள் சர்வீஸ் சென்டரில் முப்பது வருடமாக வைண்டிங் கட்டும் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "ஏந் தம்பி, நல்லா ஓடற மோட்டார யாராச்சும் கழட்டிட்டு இங்க வருவாங்களா?"

அந்த ஒரு வரிதான் எனக்கு இந்தப் பாடத்தின் வாசல். வாரண்டி 12 மாதம் என்றால், வாரண்டியில் திரும்பி வந்தவற்றின் சராசரி ஒருபோதும் 12 மாதத்தைத் தாண்டாது. மோட்டார் இருபது வருடம் உழைக்கும்படி செய்திருந்தாலும் தாண்டாது. நான் கணக்கிட்டது மோட்டாரின் ஆயுளை இல்லை, போனவற்றின் ஆயுளை மட்டும். முதல் தேர்வில் நான் தோற்றதும் இதே இடத்தில்தான். கேள்வியில் பழுதானவை கண்ணில் படும். பழுதாகாதவை ஒரு அரை வாக்கியத்தில் ஒதுங்கி நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கைப் பொறுமையாகப் பார்ப்போம். 10 பேரிங்குகளை 1,000 மணி நேரம் ஓட்டுகிறோம். நான்கு போய்விட்டன: 310, 520, 700, 890 மணி நேரத்தில். மற்ற ஆறும் 1,000 மணி வரை ஓடி, சோதனையை நாம் நிறுத்தும்போதும் நன்றாகவே இருக்கின்றன. எம்.டி.பி.எஃப். (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) எவ்வளவு? அவசரத்தில் நான்கையும் கூட்டினால் 2,420. நான்கால் வகுத்தால் 605. தேர்வில் கொடுக்கும் விடைகளில் ஒன்றாக 605 நிச்சயம் இருக்கும், கேள்வி தயாரிப்பவர் அதை அங்கே வைத்திருப்பார். பழுது வீதம் மாறாதது (எவ்வளவு நேரம் ஓடியிருந்தாலும் பழுதாகும் வாய்ப்பு ஒன்றுதான்) என்று எடுத்துக்கொண்டால், சரியான கணக்கு எல்லாப் பேரிங்கும் சேர்ந்து ஓடிய நேரத்தை எடுக்கிறது: 2,420 கூட்டல் 6,000, அதாவது 8,420. நான்கால் வகுத்தால் 2,105 மணி நேரம்.

எது சரி என்று சூத்திரத்தை நம்பி விட்டுவிடாதீர்கள், திரும்பிச் சரிபாருங்கள். எம்.டி.பி.எஃப். 605 என்றால் 1,000 மணி நேரத்தைத் தாண்டுபவை 19% தான், பத்தில் இரண்டு. 2,105 என்றால் 62%, பத்தில் ஆறு. நம் கண்முன்னே ஆறு பேரிங் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சரிபார்ப்புக்குப் பத்து விநாடி போதும். இரண்டாவது முறை எனக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

அடுத்து அதே கேள்வி இன்னொரு வடிவில் வரும்: 90% கான்ஃபிடன்ஸில், அதாவது 90% உறுதியோடு, எம்.டி.பி.எஃப்.பின் கீழ் எல்லை என்ன? இதற்குக் கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் அட்டவணை வேண்டும். மொத்த நேரத்தை இரண்டால் பெருக்கி, அட்டவணை மதிப்பால் வகுக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்திய சோதனை என்றால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (அட்டவணையில் எந்த வரிசையைப் பார்ப்பது என்று காட்டும் எண்) 2r கூட்டல் 2. குறிப்பிட்ட பழுது எண்ணிக்கையில் நிறுத்தினால் வெறும் 2r. இங்கே r என்பது பழுது எண்ணிக்கை. நம் கணக்கு முதல் வகை, எனவே 10, அட்டவணையில் 15.987, விடை சுமார் 1,053 மணி நேரம். 2,105 என்று சொன்ன அதே தரவு, உறுதியாகச் சொல் என்றால் 1,053 என்கிறது. நான்கே பழுதை வைத்துக்கொண்டு அதற்கு மேல் உறுதி தர முடியாது. மேலாளரிடம் இதைச் சொல்வதுதான் சங்கடம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, பழுது வீதம் மாறாதது என்று நாம் எடுத்துக்கொண்டோமே, அது உண்மையா? இங்கேதான் வைபுல் வருகிறார். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வைபுல், பழுதாகும் நேரங்களை விவரிக்கும் தன் புள்ளியியல் பரவலை எல்லோரும் அறியச் செய்த கட்டுரையை 1951ல் வெளியிட்டார். அதில் பீட்டா என்ற ஒரு எண் நமக்கு நிறையச் சொல்லும். 1க்குக் கீழே என்றால் தொடக்கத்திலேயே போகும் உற்பத்திக் குறை. 1 என்றால் எப்போது வேண்டுமானாலும் போகும், வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1க்கு மேலே என்றால் தேய்மானம். நம் நான்கு புள்ளிகளை மீடியன் ரேங்க் போட்டு (வரிசை எண்ணில் 0.3 கழித்து, மொத்தத்தில் 0.4 கூட்டி வகுப்பது) வைபுல் தாளில் (இதற்கென்றே அளவுகள் குறித்த வரைபடத் தாள்) வைத்துக் கோடு இழுத்தால் பீட்டா 1.75ஐ ஒட்டி வருகிறது. 63.2% பழுதாகும் நேரமான ஈட்டா சுமார் 1,400 மணி. நான்கு புள்ளிதான் என்றாலும், பேரிங் தேய்ந்து போகிறது என்ற பக்கமே அது சாய்கிறது. கார்பனில் நாம் பார்த்த கோடுகளும் அதையே சொல்கின்றன. தேய்மானம் என்றால் முன்கூட்டியே மாற்றுவதில் பயன் உண்டு. பீட்டா 1 என்றால் நன்றாக ஓடும் பேரிங்கைக் கழற்றிப் புதிதைப் போடுவதால் ஒரு லாபமும் இல்லை. பராமரிப்புத் திட்டம் முழுக்க இந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. முதல் மூன்று மாதத்தை வைபுலுக்கே கொடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எம்.டி.பி.எஃப். 50,000 மணி நேரம் என்று ஒரு கருவியின் அட்டையில் பார்த்தால், கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் வருடம் ஓடும் என்று படிக்காதீர்கள். பழுது வீதம் மாறாதது என்றால் அந்த 50,000ஐத் தொடுபவை 36.8% தான். அப்படி நூறு கருவி வைத்து, போனதை உடனே மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு வருடத்தில் 17, 18 பழுது எதிர்பார்க்கலாம். விற்பனைப் பிரிவில் இருப்பவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படிப் பழுதாகும், அதனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே அலசும் முறை) பற்றிச் சுருக்கமாக. தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டறியும் திறன் மூன்றையும் பெருக்கி ஆர்.பி.என். என்ற ஆபத்து முன்னுரிமை எண்ணைப் போடுவது தேர்வுக்கு வேண்டும். ஆனால் 10 பெருக்கல் 2 பெருக்கல் 5ம் 100, 2 பெருக்கல் 10 பெருக்கல் 5ம் 100. முதலாவதில் ஆள் உயிருக்கு ஆபத்து, இரண்டாவதில் சின்னத் தொந்தரவு. வாகனத் துறையின் 2019 கையேடு ஆர்.பி.என்.னை விட்டு நடவடிக்கை முன்னுரிமைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மென்பொருள். தேர்வில் இதற்குச் சில கேள்விகள்தான் வரும், ஆனால் வேலையில் எனக்கு அதிகம் உதவியது இந்தப் பகுதி. எங்கள் மோட்டாருடன் மொபைல் ஸ்டார்ட்டர் பேனலும் போகிறது, விவசாயி போன் போட்டால் மோட்டார் ஓடும். ஒரு ரக பேனல் சில மாதம் கழித்து உறைந்து நிற்கிறது என்று புகார் வந்தது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பேட்டரி வைத்த ரகத்தில் மட்டும்தான் இது. பேட்டரி இல்லாத பேனல்கள் அத்தனையும் நன்றாக இருந்தன. பழுதாகாதவற்றைப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது: அவற்றுக்கு மின்வெட்டு வரும்போதெல்லாம் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மில்லி விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் கடிகாரம் 49.7 நாளில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும். நேரத்தை ஒப்பிடும் ஒரு வரி அதை எதிர்பார்க்காமல் எழுதப்பட்டிருந்தது. பேட்டரி இருந்த பேனல் மட்டும்தான் 49 நாள் விடாமல் உயிரோடு இருந்தது.

நான் மேலே சொன்ன மொத்த நேரக் கணக்கு இங்கே எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். நாங்கள் 20 பேனல்களைத் தலா 72 மணி நேரம் சோதித்திருந்தோம். மொத்தம் 1,440 மணி, ஒரு பழுதும் இல்லை. 49.7 நாள் என்பது 1,193 மணி. மொத்தம் அதைத் தாண்டிவிட்டது, ஆனால் எந்த ஒரு பேனலும் தாண்டவில்லை. இருபது பேரைத் தலா மூன்று நாள் ஓடவிட்டு, ஒருவர் அறுபது நாள் ஓடியதற்குச் சமம் என்று சொல்வது, பழுது வீதம் மாறாதபோது மட்டும்தான் செல்லும். இதே வகைப் பிழை பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் நின்றுபோகலாம் என்று 2015ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவே போட்டது.

மாற்று ஏற்பாட்டுக் கேள்விகளிலும் கவனம் வேண்டும். 0.9 நம்பகத்தன்மை உள்ள இரண்டு பம்புகளில் ஒன்று ஓடினாலே போதும் என்றால் 0.99 கிடைக்கும். இரண்டும் தனித்தனிக் காரணத்தால் பழுதாகும் என்ற நிபந்தனையில்தான் அது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் திசை காட்டும் கணினிகள் இரண்டு இருந்தன, இரண்டிலும் ஒரே மென்பொருள். 64 பிட் எண்ணை 16 பிட்டில் அடக்கப் போய் இரண்டும் அடுத்தடுத்து ஒரே பிழையில் நின்றன. ராக்கெட் ஒரு நிமிடம் கூடத் தாண்டவில்லை. மென்பொருளை நகலெடுத்தால் பிழையும் சேர்ந்து நகலாகிறது. கேள்வியில் பொதுக் காரணம் என்ற சொல்லோ, ஒரே மென்பொருள் என்ற குறிப்போ இருந்தால் பெருக்கலை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

தேர்வு அறைக்கு வருவோம். உங்கள் கை-ஸ்கொயர் அட்டவணை இடப்பக்கப் பரப்பைத் தருகிறதா, வலப்பக்கத்தைத் தருகிறதா என்று பார்த்து, அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஒரே அட்டவணையில்தான் கடைசிவரை பழக வேண்டும். வீட்டில் ஒன்று, தேர்வில் வேறொன்று என்றால் 94 விநாடியும் அதிலேயே போகும். கால்குலேட்டரில் எல்.என்.னும் லாக்கும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள், வைபுல் கணக்கில் மாற்றி அழுத்தினால் விடை மொத்தமாகத் தவறும். வெப்பம் கூடினால் பழுது எத்தனை மடங்கு வேகமாகும் என்று சொல்லும் அரீனியஸ் கணக்கில் செல்சியஸைக் கெல்வினாக மாற்றாமல் தொடங்காதீர்கள். ஆக்டிவேஷன் எனர்ஜி 0.7 எலக்ட்ரான் வோல்ட் என்றால், 55 டிகிரியிலிருந்து 125 டிகிரிக்குப் போகும்போது வேகம் சுமார் 78 மடங்கு கூடும். இந்த ஒரு விடையை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் உங்கள் முறை சரிதானா என்று எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம். நான் முதல் சுற்றில் கணக்கில்லாத கேள்விகளை முடித்தேன், இரண்டாவது சுற்றில் கணக்குகள், அப்புறம் கடைசி முப்பது நிமிடம் குறியிட்டு வைத்தவை.

தோற்றவர்களுக்கு எந்தப் பகுதியில் எவ்வளவு குறைந்தது என்று காட்டுவார்கள். அதைக் கிழித்துப் போடாதீர்கள். என் இரண்டாவது முயற்சியின் பாடத்திட்டமே அந்த ஒரு தாள்தான்.

போகும் முன் ஒரு கணக்கு. 12 பம்புகள், தலா 500 மணி நேரம் ஓடின, அப்போது சோதனை நிறுத்தப்பட்டது. ஒன்று கூடப் பழுதாகவில்லை. பழுது வீதம் மாறாதது என்று கொண்டால், 90% கான்ஃபிடன்ஸில் எம்.டி.பி.எஃப்.பின் கீழ் எல்லை என்ன? பழுது பூஜ்யம் என்பதால் கணக்கிட முடியாது என்று ஒரு விடை இருக்கும். 2r என்று போட்டவர்களுக்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் பூஜ்யமாகி அந்த விடைதான் சரியென்று தோன்றும். உங்களுக்கு 2,600 மணி நேரத்தை ஒட்டி வந்திருந்தால் அட்டவணையில் சரியான வரிசையைப் பிடித்துவிட்டீர்கள்.