வெண்புள்ளி: ஒளிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்

வெண்புள்ளிச் சிகிச்சை என்பது இரண்டு வேலை. புள்ளி பரவாமல் நிறுத்துவது ஒன்று, போன நிறத்தை மீட்பது மற்றொன்று. முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் "மருந்து கேட்கவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் புதுப்புள்ளி ஒன்றும் வரவில்லை என்றால் அது பெரிய விஷயம். ஆனால் தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு அது தெரியாது. அதனால்தான் முதல் நாளே படம் எடுத்து வைக்கச் சொல்கிறோம்: அதே இடம், அதே வெளிச்சம், புள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல். மாதத்துக்கு ஒரு படம் போதும்.

நோய் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதைத் தோலே சொல்லும். ஓரம் மங்கிக் கலங்கியிருப்பது, வெள்ளைக்கும் இயல்பு நிறத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சாயல், காகிதத் துணுக்குகளைத் தூவியதுபோல் பொடிப்பொடிப் புள்ளிகள், கீறல் பட்ட கோட்டிலேயே புதிதாக வெளுப்பது ஆகியவை எல்லாம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் நிறமி செல்களை இன்னும் தாக்கிக்கொண்டிருப்பதன் அடையாளம். இந்தக் கட்டத்தில் இறுகிய இடுப்புப் பட்டை, உரசும் காலணி வார், அழுத்தித் தேய்த்துக் குளிப்பது எல்லாமே புள்ளியை வளர்க்கும். சீக்கிரம் நிறம் வரட்டும் என்று உச்சி வெயிலில் நின்று தோலைச் சுட்டுக்கொள்வதும் அதே தப்புதான்.

வெளுத்ததெல்லாம் வெண்புள்ளி அல்ல. இருட்டறையில் 365 நானோமீட்டர் வுட்ஸ் விளக்கை (தோலைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு) பிடித்தால் நிறமி அறவே போன இடம் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிரும். தேமலோ வறட்சியால் வெளுத்த இடமோ அப்படி ஒளிராது. தொழுநோயின் திட்டு பெரும்பாலும் மங்கலான வெளுப்பு, அங்கே தொடு உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில் உணர்ச்சி அப்படியே இருக்கும், தொட்டாலும் யாருக்கும் ஒட்டாது. தைராய்டு கோளாறு கூடவே வருவது சகஜம் என்பதால் தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நிறம் திரும்புமா என்று கேட்பவர்களிடம் புள்ளிக்குள் இருக்கும் முடியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். முடி கறுப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. முடிவேரில் ஒதுங்கியிருக்கும் நிறமி செல்கள்தான் மேலேறி வந்து பரவுகின்றன. அதனால் நிறம் முதலில் முடிக்கால்களைச் சுற்றிச் சிறு பழுப்புப் புள்ளிகளாகத்தான் எட்டிப்பார்க்கும். முகமும் கழுத்தும் நன்றாகக் கேட்கும். விரல் நுனி, உதடு, முடி நரைத்துவிட்ட திட்டு ஆகியவை கேட்பது அரிது. இதை முன்கூட்டியே சொல்லாமல் ஆறு மாதம் ஒளிச்சிகிச்சை கொடுப்பது நியாயமில்லை.

ஒளிச்சிகிச்சை என்பது விளக்குகள் பொருத்திய ஒளிப்பெட்டிக்குள் நிற்பது. அதில் பயன்படுவது 311 நானோமீட்டரை ஒட்டிய நேரோபேண்ட் யுவிபி என்னும் குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளி. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாட்களில் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் ஏற்றுவது வழக்கம். புள்ளி இளஞ்சிவப்பாகி ஒரு நாளுக்குள் மறைந்தால் அளவு சரி. ஒரு நாளைத் தாண்டியும் சிவப்பு நின்றால் அளவைக் குறைக்க வேண்டும். வலித்தாலோ கொப்புளித்தாலோ தோல் ஆறும்வரை நிறுத்த வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் மறைப்பும் கட்டாயம்.

தவறுகள் பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் நடக்கின்றன. இத்தனை நாள் அரைக்கால் சட்டையோடு நின்றவர் ஒருநாள் அதைவிடச் சின்ன உடுப்போடு நின்றால், ஒளி படாமலே இருந்த தோல் முழு அளவையும் ஒரேயடியாக வாங்கிப் புண்ணாகும். பழைய குழல்விளக்குகளை மாற்றிய பிறகும் முந்தைய நிமிடக் கணக்கிலேயே ஓட்டினால், புது விளக்கின் ஒளி கூடுதல் என்பதால், இதே கதி. ஒளி அளவுமானி வைத்துப் பார்த்து நேரத்தைத் திருத்த வேண்டும். இடையில் விட்டுப்போனால் அதற்கும் கணக்கு உண்டு. ஒரு வாரம்வரை அதே அளவு, இரண்டு வாரம்வரை கால் பங்கு குறைவு, மூன்று வாரம்வரை பாதி, அதற்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து. மெதுவாகக் கேட்கும் தோல்கள் உண்டு, 72 தடவைக்கு முன்னால் "பலனில்லை" என்று எழுதிவிடக் கூடாது.

முகத்துக்கு, எதிர்ப்பு அணுக்களின் தாக்குதலை அடக்கும் 0.1 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு, நாளுக்கு இருமுறை. ஸ்டீராய்டு களிம்பை இடைவெளி விட்டுத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும். சுட்டுவிரல் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 1.5 சதவீத ருக்ஸோலிடினிப் களிம்பு 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு, உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்குவரை மட்டும். ஒரு பக்கமாக மட்டும் வரும் வகை, ஓராண்டு அசையாமல் நின்றிருந்தால், தோல் ஒட்டுக்கு நல்ல தேர்வு.

மறைப்புப் பூச்சு போடுவதைச் சிலர் தோல்வி என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை, போடாமல் போவதும் அவரவர் விருப்பம்தான். தோலைப் பழுப்பாக்கும் டைஹைட்ராக்ஸி அசிட்டோன் கலந்த பூச்சு மூன்று முதல் ஐந்து நாள் நிற்கும். ஆனால் அது வெயிலைத் தடுக்காது, அதன்மேல் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தேவை.

நிறம் வந்தபின் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் சுமார் பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் வெளுப்பு திரும்புகிறது. அந்த இடங்களில் வாரம் இருமுறை டாக்ரோலிமஸ் பூசுவதை ஆறு மாதம் தொடர்ந்தால் இது நன்றாகக் குறைகிறது.