லண்டன் ஆய்ஸ்டர் கார்டு: வாயைத் திறந்து கேட்டா பாதி சார்ஜ்

முதல்ல எரிச்சலைக் கொட்டிடறேன். லண்டனுக்கு டூர் வர்ற 11ல இருந்து 15 வயசுப் பசங்களுக்கு ட்ரெயின், பஸ் எல்லாத்துலயும் பாதி சார்ஜ்தான், 14 நாள் வரைக்கும். யங் விசிட்டர் டிஸ்கவுன்ட்னு பேரு. ஆனா மெஷின்ல ஆய்ஸ்டர் கார்டு (காசு ஏத்தி வச்சு ட்ரெயின், பஸ்ல டச் பண்ற பயணக் கார்டு) வாங்கினா அந்த டிஸ்கவுன்ட் தானா வராது, ஸ்டேஷன்ல நிக்கிற ஸ்டாஃப்கிட்ட பையனையும் கூட்டிட்டுப் போய் கேட்டாதான் கார்டுல ஏத்தித் தருவாங்க. கேக்காதவங்க எல்லாம் பெரியவங்க சார்ஜ் குடுத்துட்டு சுத்திட்டு இருக்காங்க, எங்களுக்கு முன்னாடி க்யூல நின்ன குடும்பம் உள்பட.

நாங்க போனது 2025 ஆகஸ்ட், பவுண்டு கிட்டத்தட்ட 118 ரூபா. நாங்க ரெண்டு பேர், 12 வயசுப் பையன், 8 வயசுப் பொண்ணு. பொண்ணுக்கு சார்ஜே கிடையாது, 11 வயசுக்குக் கீழ இருந்தா பெரியவங்க கூட ஃப்ரீயா போலாம், அகலமான கேட்ல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட வேண்டியதுதான். ஆய்ஸ்டர் கார்டுக்கு அப்ப 7 பவுண்டு, செப்டம்பர்ல இருந்து 10 ஆக்கிட்டாங்க, அது திரும்ப வராத காசு.

ஹீத்ரோ ஏர்போர்ட் வாசல்ல டாக்ஸிக்காரர் ஒருத்தர் வந்து, நாங்க ரூம் போட்ட ஈஸ்ட் ஹாம்க்கு 90 பவுண்டுன்னார். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல! நான் சிரிச்சுட்டேன், அவருக்குக் கோவம் வந்துடுச்சு. அப்ப இருந்த 25 பவுண்டு குடுத்து ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ட்ரெயின்ல போறதும் என் கணக்குல வேஸ்ட்தான், 15 நிமிஷத்துல பாடிங்டன்ல இறக்கி விட்டுடும், அங்கிருந்து நம்ம ரூமுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? எலிசபெத் லைன் ட்ரெயின்ல அப்ப 13.90. ட்யூப்ல (லண்டன் மெட்ரோ) பிக்கடில்லி லைன்ல வெறும் 5.80தான் இருந்துச்சு, பேரன்ஸ் கோர்ட்ல அதே பிளாட்பார்ம்ல எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் மாறினா நேரா ஈஸ்ட் ஹாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், பெட்டியைக் கால் நடுவுல வச்சுட்டுத் தூங்கலாம். ஒண்ணு மட்டும், ஏர்போர்ட்டுக்கும் சென்ட்ரல் லண்டனுக்கும் நடுவுல ட்யூப்ல எந்நேரமும் பீக் சார்ஜ்தான் (கூட்ட நேரத்துக்கான கூடுதல் சார்ஜ்), நேரம் பாத்துப் போய் மிச்சம் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க.

ஈஸ்ட் ஹாம்ல ஏன் ரூம்னா சாப்பாடு. ஹை ஸ்ட்ரீட் நார்த்ல நடந்தா நம்ம ஊரு பஜார் மாதிரியே தமிழ் போர்டு, தோசைக்கடை, இலங்கைக் கடையில கொத்து ரொட்டி. முதல் நாள் ராத்திரி தின்ன மசால் தோசைக்கு சாம்பார் மூணு தடவை வாங்கினோம், முகம் சுளிக்கல. அங்க ஒரு வேளை வயிறு ரொம்பத் தின்ன காசுக்கு சென்ட்ரல்ல ரெண்டு சாண்ட்விச்தான் வரும், அதுவும் ஆறிப்போனது.

சரி, கார்டுக்கு வரேன். என்னோட சந்தோஷமே பஸ்தான். ஒரு பஸ்சுக்கு அப்ப 1.75 பவுண்டு, முதல் பஸ்ல டச் பண்ண நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் மேல ஒரு பென்னி எடுக்காது. ஹாப்பர்னு சொல்றாங்க. கடைசி பஸ்ல ஏறுற நேரம்தான் கணக்கு, இறங்குற நேரம் இல்ல! அதனால ஈஸ்ட் ஹாம்ல 115ம் நம்பர் பஸ் பிடிச்சு, ஆல்ட்கேட் வரைக்கும் இழுக்காம கமர்ஷியல் ரோட்லயே இறங்கி 15 மாறிட்டோம். மாடியில முன் சீட்டு. டவர் ஆஃப் லண்டன், செயின்ட் பால்ஸ் எல்லாம் கண்ணாடிக்கு முன்னாடி வந்து வந்து போகுது, கடைசியில ட்ரஃபால்கர் ஸ்கொயர் பக்கம் இறங்கினா போச்சு 1.75, பையனுக்கு அதுலயும் பாதி. டூரிஸ்ட் பஸ்காரங்க இதே ரோட்டைக் காட்டத்தான் அவ்ளோ காசு கேக்கறாங்க. பஸ்ல 2014லயே காசு வாங்கறதை நிறுத்திட்டாங்க, கார்டு இல்லாம ஏறாதீங்க, இறங்கும்போது மறுபடி டச் பண்ண வேண்டாம். ட்யூப்ல ரெண்டு பக்கமும் பண்ணணும், இல்லன்னா உச்ச சார்ஜ் பிடிச்சிடும்.

நாள் முழுக்க பஸ் மட்டும்னா அப்ப 5.25க்கு மேல எடுக்கல. ட்யூப்பும் சேர்த்து 1ல இருந்து 3 சோன் (ஊரு நடுவுல இருந்து வளையம் வளையமா பிரிச்ச பகுதி) வரைக்கும்னா நாள் லிமிட் 10.50. சரியா டபுள்! அதனால அவசரம் இல்லாத நாள் எல்லாம் பஸ்தான். ட்யூப்ல போற நாள்ல காலைல ஒன்பதரைக்கு முன்னாடி கார்டை வெளிய எடுக்காதீங்க, அதுவரைக்கும் பீக் சார்ஜ். "ஏங்க, ரெண்டு நிமிஷத்துக்காகவா வாசல்ல நிக்கறோம்"னு வீட்டம்மா கேட்டாங்க, ஆமா நின்னோம், பக்கத்துல இன்னும் நாலு பேரு நம்மளை மாதிரியே கடிகாரத்தைப் பாத்துட்டு நின்னாங்க.

தேம்ஸ் படகுக்கும் இதே கார்டை டச் பண்ணலாம், ஆனா அந்தக் காசு 10.50 கணக்குல சேராது, தனியா போகும். வீட்ல ஆசைப்பட்டாங்கன்னு ஒரு பக்கம் மட்டும் போனோம். நல்லாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் பாலத்து மேல ஃப்ரீயா நடந்தா அதே காத்துதான் வருது.

நம்ம ஊரு பேங்க் கார்டையே டச் பண்ணலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம், பெரியவங்களுக்கு ஆய்ஸ்டர்ல எடுக்கற அதே சார்ஜ்தான், ஆனா ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டுக் காசுல செலவு பண்ணா பேங்க் எடுக்கற கூடுதல் சார்ஜ்) போடற கார்டா இருந்தா தினமும் அது வேற கடிக்கும். தவிர, ஆளுக்கு ஒரு கார்டு வேணும். காலைல போன்லயும் சாயங்காலம் கார்டுலயும் டச் பண்ணா ரெண்டும் தனித்தனி கணக்கு, நாள் லிமிட்டும் சேராது. பசங்க டிஸ்கவுன்ட்டோ ஆய்ஸ்டர்ல மட்டும்தான்.

கிளம்பற அன்னைக்கு கார்டுல மிச்சம் 10 பவுண்டுக்குள்ள இருந்தா ஸ்டேஷன் மெஷின்லயே திருப்பி வாங்கிக்கலாம். என் மச்சான் அடுத்த கோடைல போறான், அதனால நாங்க வாங்கல, கார்டோட அவனுக்குக் குடுத்துட்டு ரூபாயா வசூல் பண்ணிட்டேன்.