எட்டு எம்எம் கட்டை

ஏப்ரல் 8, செவ்வாய்ப்பேட்டை

கொலுசுக் கடைக்கு 6 எம்எம் அக்ரிலிக்கில் 40 ஸ்டாண்டு, நம் லேசர் மெஷினில் வெட்டியது. காடியில், அதாவது மாட்டுவதற்கு வெட்டிய பள்ளத்தில், பலகையைக் கோத்தால் ஆடுகிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், இடுக்கில் வெளிச்சம் வருகிறது. ஓரம் சாய்வாக வெட்டியிருக்கிறது. லேசர் பவரைக் கூட்டினேன், கருகல்தான் மிச்சம்.

ஏப்ரல் 9

சேலத்து வெயிலில் தண்ணீர் சூடாகி லேசர் டியூப் பலம் குறைந்ததோ என்று முதலில் நினைத்தேன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 21 டிகிரி காட்டுகிறது, அது இல்லை. லென்ஸைத் துடைத்தேன். குவிந்த பக்கம் மேலே, தட்டைப் பக்கம் கீழே, சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் தம்பி கேட்டான்: "அண்ணே, போன வாரம் நாசில் மாத்துனோம்ல? இப்பவும் அதே கட்டையத்தானே வெக்கிறோம்?"

நாசில் என்பது லென்ஸுக்குக் கீழே ஒளி வெளிவரும் மூக்கு. அதற்கும் பலகைக்கும் நடுவே கட்டையை வைத்துத்தான் உயரம் பிடிப்போம். பழைய நாசிலைத் தேடி எடுத்து வெர்னியரில் அளந்தேன். புதியது 2 எம்எம் நீளம். நம்முடையது 2 இஞ்ச் லென்ஸ், அதாவது 50.8 எம்எம். ஒளி குவியும் தூரம் லென்ஸிலிருந்து. நாம் வைக்கும் 8 எம்எம் கட்டையோ நாசில் நுனியிலிருந்து அளக்கிறது. ஃபோகஸ் பலகைக்கு மேலேயே முடிந்துபோயிருக்கிறது. அவன் கேட்காவிட்டால் இன்னும் இரண்டு ஷீட்டைப் பாழாக்கியிருப்பேன்.

ஏப்ரல் 10

கணக்கை நம்பி விடாமல் சாய்வுப் பலகை வைத்துப் பார்த்தோம். 300 எம்எம் நீள எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பட்டை, ஒரு முனைக்கு அடியில் 10 எம்எம் துண்டு. அப்படியானால் 30 எம்எம் நகர்ந்தால் உயரம் 1 எம்எம் மாறும். தாழ்ந்த முனையில் நாசிலுக்கு 11 எம்எம் இடைவெளி, உயர்ந்த முனையில் 1. நாசில் இருக்கும் லேசர் தலை உரசாதபடி முதலில் லேசரைப் போடாமல் ஒரு ஓட்டம் விட்டோம்.

பிறகு பவர் 12 சதவீதத்தில் நீளவாக்கில் ஒரே கோடு. இரு முனையிலும் தடித்த பழுப்பு, நடுவில் மயிரிழை. ஆனால் அந்த மயிரிழையே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே மாதிரி போகிறது. "இதுதான் மெல்லிசு" என்று ஓரிடத்தைக் கண்ணால் காட்ட முடியாது. அதனால் கோடு தடிக்கத் தொடங்கும் இரண்டு இடத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பென்சிலால் குறித்து, அவற்றின் நடுவை எடுத்தோம். மூன்று தடவை செய்தோம். தலையை அங்கே நிறுத்தி அளந்தால் 6 எம்எம்.

ஏப்ரல் 11

6 என்பது மேல்பரப்புக்கு, எழுத்துச் செதுக்க. வெட்டுவதற்குக் கனத்தின் பாதிக்கு ஃபோகஸை இறக்கினேன்: 6 எம்எம் அக்ரிலிக்கில் 3 உள்ளே, ஆக இடைவெளி 3. ஒரே ஓட்டத்தில் விழுந்தது. மூலைமட்டத்தில் வெளிச்சம் இல்லை. காடியில் பலகை சிக்கென்று உட்கார்ந்தது.

பழைய கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 6லும் 3லும் புதிதாக வெட்டி, எந்த நாசிலுக்கு என்று அதன்மேலேயே செதுக்கி வைத்தேன்.

சாயங்காலம் மேசையின் நான்கு மூலையிலும் 3 கட்டையை விட்டுப் பார்த்தோம். பின்பக்க வலது மூலையில் தொளதொளவென்று போகிறது. நாளை மேசையை மட்டமாக்கும் பெட் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்.