கிரைட்ஸ்: எண் இல்லாத இளவரசிகளின் ஊர்

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், கேராவிலிருந்து வைஸ எல்ஸ்டர் ஆற்றை ஒட்டியே போகும் ரயிலில் ஏறினால் கிரைட்ஸ் வந்துவிடும். இறங்கியதும் குன்றின் மேல் மேல்கோட்டை தெரிகிறது. கீழே ஊருக்குள் ஒரு அரண்மனை, பூங்காவுக்குள் இன்னொன்று, கோடை அரண்மனை. ஒரே சின்ன ஊரில் மூன்று! ஒரு காலத்தில் இது தனிச் சமஸ்தானத்தின் தலைநகர். 1910-ல் அந்தச் சமஸ்தானத்தின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 72,000 பேர்தான்.

ஆண்டவர்கள் ரொய்ஸ் வம்சத்தின் மூத்த கிளையினர். இந்தக் குடும்பத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிஷ் என்றுதான் பெயர். அரியணை ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஆளுக்கொரு எண் உண்டு. கேராவை ஆண்ட இளைய கிளையில் நூற்றாண்டுக்கு ஒருமுறை எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். அதனால்தான் அங்கே 67-ம் ஹைன்ரிஷின் மகன் 14-ம் ஹைன்ரிஷ். கிரைட்ஸ் கிளையின் கணக்கு 24-ஓடு முடிந்துபோனது.

இந்த எண் விஷயத்தைக் கேள்விப்பட்டுத்தான் போனேன். ஆனால் ஊரைச் சுற்றச் சுற்ற, எண் இல்லாத பெண்கள்தான் மனதில் நின்றார்கள்.

முதலில் கரோலினா. கிரைட்ஸை ஆண்ட கணவர் 20-ம் ஹைன்ரிஷ் 1859-ல் இறந்தபோது மகனுக்குப் பதின்மூன்று வயது. மகன் பொறுப்பேற்ற 1867 வரை ஆட்சி கரோலினாவின் கையில். 1866-ல் பெரிய ஜெர்மன் நாடான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய போரில் அவர் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றார். பிரஷ்யப் படை கிரைட்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. இத்தனை சின்ன நாட்டை வைத்துக்கொண்டு பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க்கை எதிர்க்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மகன் 22-ம் ஹைன்ரிஷும் கடைசிவரை பிரஷ்யாவோடு ஒட்டவே இல்லை.

கோடை அரண்மனையில் இருக்கும் செப்புத்தகட்டு அச்சுப்படங்களும் கரோலினாவின் குடும்ப வழியில் வந்தவைதான். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகள் எலிசபெத், கரோலினாவின் பெரியப்பா மனைவி. அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த மெசோடின்ட் படங்கள் இங்கே வந்து சேர்ந்தன. மெசோடின்ட் அச்சுமுறையில் செப்புத்தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். அப்படியே மை பூசி அச்சடித்தால் தாள் முழுக்கக் கறுப்புதான். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தேன். உருவப்படங்களில் கோடே இல்லை. பட்டுத்துணியின் மடிப்பு இருட்டிலிருந்து மெல்ல எழுந்து வருகிறது. அந்த அறையை விட்டு நகரவே மனம் வரவில்லை.

அப்புறம் ஹெர்மினே, 22-ம் ஹைன்ரிஷின் மகள், 1887-ல் இந்த ஊரில் பிறந்தவர். அண்ணன்களோ தம்பிகளோ நிறைய இல்லை. ஒரே அண்ணன் 24-ம் ஹைன்ரிஷ். மாற்றுத்திறனாளியான அவரால் ஆள முடியாததால் இளைய கிளை உறவினர்கள் அவர் பெயரில் ஆட்சி நடத்தினார்கள். 1918-ல் முடியாட்சி போனது. 1927-ல் அவர் இறந்ததும் மூத்த கிளையும் அற்றுப்போனது. ஹெர்மினேயோ கணவரை இழந்து குழந்தைகளோடு இருந்தவர், 1922-ல் நெதர்லாந்தின் டோர்னில் நாடிழந்து வாழ்ந்த முன்னாள் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை மணந்தார். பிரஷ்யாவைப் பிடிக்காத வீட்டுப் பெண், பிரஷ்யாவின் கடைசி மன்னருக்கு மனைவி!

நீங்கள் போனால் கோடை அரண்மனையை முதலில் பாருங்கள். மேல்கோட்டைக்கு ஏற்றம் இருக்கிறது, அதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். மூடும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.