பட்டியலில் எழுதிய பெயர்

ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் தலையில் கை வைத்து நற்கருணைப் பந்தியில் சேர்ப்பதே திடப்படுத்தல். பீடி சுற்றிப் பிழைக்கும் அந்த அம்மாவின் பெயரை அதற்கான பட்டியலில் சபை உபதேசியாரான நான் எழுதிக் கொடுத்தது சரிதானா என்று சபைக் கமிட்டி அண்ணாச்சி கேட்ட கேள்வி, மாதங்கள் பல கடந்தும் என்னை விட்டு நீங்கவில்லை.

ஐம்பது வயதைக் கடந்தவர் அவர். திடப்படுத்தலுக்கு முன் ஒப்புவிக்க வேண்டியவற்றில் கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கற்பனைகளும் ஒருவாறு வந்தன; சபையார் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் மட்டும் வரவில்லை. மடியில் தட்டை வைத்து, இலையில் தூளைப் பரப்பி உருட்டி, நுனியை நகத்தால் மடித்துக்கொண்டே என்னோடு சொல்லிவருவார். பிலாத்துவின் பெயர் வந்ததும் நா நின்றுவிடும், விரல்கள் நிற்காது. ஒருநாள் அவரே சொன்னார்: "ஐயா, எனக்கு இது மனசுல நிக்க மாட்டேங்கு. ஆனா அடுத்த வீட்டுக்காரிகிட்ட நேத்து பேசிட்டேன்." வேலித் தகராறில் அந்த இரண்டு வீடுகளும் வருடக்கணக்காகப் பேச்சற்றிருந்ததை ஊரே அறியும். அன்று இரவே அவர் பெயரை எழுதினேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னபோது, இதுவும் வளர்ச்சிதான் என்று வாதாடவும் செய்தேன். பேராயர் அவர் தலையில் கை வைத்தார்.

சில மாதங்களில் குழாயடியில் பழைய சண்டை மீண்டும் மூண்டது. அடுத்து வந்த நற்கருணை ஆராதனையில், அப்பமும் ரசமும் பெறும் பந்திக்கு அயலாரோடு அன்பும் சமாதானமுமாய் இருப்பவர்களைச் சபைக் குருவாகிய ஐயர் அழைத்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி வந்து, "உபதேசியாரே, நீங்க பொறுப்பேத்து எழுதுன ஆளு பந்திக்கு வராம உக்காந்துட்டாவளே, வளர்ச்சின்னு நீங்க சொன்னது இதுதானா?" என்றார். குத்திக்காட்டக் கேட்டதல்ல, சபையின்மேல் உண்மையான கரிசனை உள்ளவர் அவர்.

அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி இரேனியஸ் ஐயர் காலந்தொட்டுக் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்த நாடு இது. படித்து, ஒப்புவித்து, அறிந்து விசுவசிப்பதே நம் வழக்கம். அதை ஒருவருக்காகத் தளர்த்திவிட்டு, அடுத்து வரும் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு பாடம் கேட்பது? ஆனால் இதே மண்ணில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக உழைத்து, 1912-இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரான அசரியாவையும் நினைக்கிறேன். அங்கே ஞானஸ்நானம் பெற்ற ஏழை எளியவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்தவர் அவர். எல்லாம் கற்றுத் தேறட்டும், பிறகு ஊழியம் பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அவர்களுக்கும் போதனை இல்லாமல் போகவில்லையே என்று அண்ணாச்சி சொல்லக்கூடும், அதுவும் உண்மைதான்.

அந்த அம்மா எழாமல் இருந்ததைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். பிரமாணத்தைச் சொல்ல வராத ஒருவர், ஐயரின் அழைப்பைக் கேட்டு, அது தன்னைப் பற்றியது என்று உணர்ந்து, அதன்படி நடந்தார் என்றால், ஊழியத்தின் பயன் அதற்குமேல் என்ன என்று எண்ணும்போது மனம் தேறுகிறது. உடனே மற்றொன்றும் தோன்றுகிறது: பந்தியில் சேர்ப்பதற்கென்றே எழுதிய பெயர், அவரைப் பந்தியிலிருந்து விலக்கும் பாரமாகிவிட்டதோ? விளையச் செய்கிறவர் தேவனே என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதைச் சொல்லி அண்ணாச்சிக்கு மறுமொழி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நட்டவன் வயலை எட்டிப் பார்க்க வேண்டாம் என்று பவுல் எழுதவில்லையே. "பொறுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் ஜெபத்திற்குப் போய்வருகிறேன். அடுத்த வீட்டு அம்மா விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். குழாயடிச் சண்டைக்குப் பிறகும் ஒருமுறைகூடப் பந்தியைத் தவறவிட்டதில்லை. அவரைப் பற்றி எவரும் எதுவும் கேட்டதில்லை. இதை அண்ணாச்சியிடம் சொன்னால் அது சபையின் நன்மைக்கான பேச்சாகுமா, வெறும் கோளாகுமா என்பதில் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. ஆகையால் இன்னும் சொல்லவில்லை.